அரசுச் சொற்களை நாம் எப்படி வாசிப்பது?

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவைப் போற்றும் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

தோழர்களே, மாணவ நண்பர்களே, உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சேரிகளிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்கிவிட்டு அமர்வது ஒரு வழக்கம். தாத்தாவுக்கு அது பொருந்தாது. இந்தப் பழைய செங்கல்பட்டு மண்ணில் கோழியாளத்தில் பிறந்து, 1893இல் 'பறையன்' என்று இதழுக்குப் பெயர் வைத்து நடத்தி, லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவர் அவர். வாழ்நாள் முழுவதும் மனு எழுதினார், தீர்மானம் கொண்டுவந்தார், அரசாணை கேட்டார். அரசு எந்தச் சொல்லில் பேசுகிறதோ அந்தச் சொல்லைக் கற்று, அதே சொல்லால் அரசைப் பிடித்தார். ஆகவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அரசும் நாடாளுமன்றமும் புழங்கும் சொற்கள். தீர்மானம், அரசாணை, குறைவெண், கொறடா, தனித்தொகுதி, திருத்த மதிப்பீடு, நிபந்தனைப் பட்டா. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இவை ஒரு மதிப்பெண் வினாக்கள். நமக்கோ நிலம், சாலை, வழக்கு, பணம் எல்லாம் இந்தச் சொற்களுக்குள்தான் இருக்கின்றன.

சொல்லை நம் பக்கமிருந்து வாசிப்பது நமக்குப் புதிதும் இல்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு வரலாறு உண்டு என்று காட்டிக்கொண்டே இருந்தார். அந்த வழியில்தான் நாமும் நடக்கிறோம்.

கல்லில் இருக்கும் சொற்கள்

உத்திரமேரூரில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது கல்வெட்டைத் தொடாமல் போக முடியாது. வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றொன்று 921ஆம் ஆண்டு. இந்திய ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடநூல் சொல்கிறது, அமைச்சர்கள் சொல்கிறார்கள், பிரதமரே வானொலி உரையில் சொன்னார். வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள்.

நாம் அதன் சொற்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. இன்றைய வார்டு போல. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வந்த பெயர்களைக் கொண்டு சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் அமைத்தார்கள். பதவிக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வர முடியாது. கணக்குக் கேட்கும் இந்த விதியை நாம் மதிக்கிறோம். இன்றைக்கும் பல ஊராட்சிகளில் அது இல்லை.

ஆனால் 'தகுதி' என்ற சொல்லுக்குள் யார்? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குள். மந்திர பிராமணம் அறிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் ஒரு வேதமும் பாஷ்யமும் ஓதியிருக்க வேண்டும். ஏனென்றால் இது உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரம்மதேய ஊர். அதன் அவைக்குப் பெயர் 'சபை'. பிராமணர் அல்லாத நிலவுடைமையாளர் கூடுவது 'ஊர்'. வணிகர் கூடுவது 'நகரம்'. சோழர் கல்வெட்டுகளில் இந்த மூன்று சொல்லும் வருகின்றன. நாம் எங்கே வருகிறோம்? தஞ்சைப் பெரிய கோவிலின் இராசராசன் கல்வெட்டுகளில், வரி கணக்கிடும்போது கழித்துவிடும் நிலங்களின் பட்டியலில் வருகிறோம். அங்கே 'பறைச்சேரி' என்றும் 'தீண்டாச்சேரி' என்றும் எழுதியிருக்கிறது. ஏரி வாரியம் ஏரியை ஆண்டது. ஏரி நீரில் யார் உழுது நட்டார்கள் என்பதை வாரியத்தின் கல்வெட்டு சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடவோலையைத் 'தேர்தல்' என்கிறோம். யாரும் வாக்களிக்கவில்லை, அது குலுக்கல். தகுதி உள்ள சிலருக்குள் நடந்த குலுக்கல். ஆக, தேர்தல், சபை, தகுதி என்ற மூன்று சொற்களையும் இன்றைய பொருளில் கொண்டுபோய்க் கல்லின் மேல் ஒட்டிவிட்டால், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள்.

கல்வெட்டை வெறுக்க வேண்டியதில்லை. அது நமக்கு வாசிக்கும் முறையைக் கற்றுத் தருகிறது. எந்த அரசுச் சொல்லைக் கண்டாலும் மூன்று கேள்வி கேட்போம். இந்தச் சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே? யார் கையெழுத்துப் போட்டால் இது நடக்கும்? எந்த நாளுக்குள் நடக்க வேண்டும்? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மற்றச் சொற்களுக்குப் போவோம்.

அறிவிப்பு முதல் சட்டம் வரை

சட்டமன்றத்தில் ஒன்று சொல்லப்பட்டால் ஊரில் பட்டாசு வெடிக்கிறோம். சொல்லப்பட்டது என்ன வகை என்று பார்ப்பதில்லை. அமைச்சர் எழுந்து 'செய்யப்படும்' என்றால் அது அறிவிப்பு. அவை கூடி ஒரு கருத்தை ஏற்றால் அது தீர்மானம்; அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் பெரும்பாலும் பரிந்துரைதான், அதை மீறினால் யாருக்கும் தண்டனை இல்லை. துறைச் செயலாளர் கையெழுத்தோடு, எண்ணும் நாளும் போட்டு வருவது அரசாணை. அது அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும். எல்லோருக்கும் தெரியும்படி அரசு அச்சிட்டு வெளியிடுவது அரசிதழ். அவையில் வைக்கப்படும் சட்டத்தின் வரைவு சட்டமுன்வடிவு, அதாவது மசோதா. அவை நிறைவேற்றி, ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தந்தால்தான் சட்டம். அந்தச் சட்டத்தை நடத்தும் முறையைச் சொல்வது விதி. விதி எழுதப்படாமல் கிடப்பில் இருக்கும் சட்டம் நடக்கமுடியாத சட்டம்.

இந்தப் படிகளை நம் வரலாற்றிலேயே ஏறிப் பார்க்கலாம். 1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னை சட்டமன்றத்தில் தாத்தா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் எந்த வகுப்பினர் செல்வதற்கும் தடை இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். அது நிறைவேறியது. 1925 பிப்ரவரியில் அரசிதழில் வெளியானது. நடந்தது தெருவில் தெரிந்ததா? பல ஊர்களில் இல்லை. தீர்மானத்தை மீறியவனுக்குத் தண்டனை எங்கே? அதனால் 1938இல் எம்.சி. ராஜா முயற்சியில் சென்னை மாகாணத்தில் குடியுரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1950இல் அரசமைப்பின் 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அந்த உறுப்பில் 'தீண்டாமை' என்ற சொல் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. பொருள் விளக்கம் தரப்படவில்லை. சொல்லைச் சுருக்கிவிட யாருக்கும் இடம் தராதிருப்பது அதில் கிடைத்த நன்மை. தண்டனை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதற்கு 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. ஒரு கிணற்றுக்குப் போகும் உரிமை தீர்மானத்தில் தொடங்கிச் சட்டம் ஆக எத்தனை ஆண்டு என்று மாணவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதை ஏன் சொல்கிறோம்? 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் பேரவையில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு. வரவேற்றோம். ஆனால் நம் வேலை அன்று முடியவில்லை, அன்றுதான் தொடங்கியது. குடும்ப அட்டையில், வாக்காளர் பட்டியலில், பேருந்து நிறுத்தப் பலகையில், மின் கட்டண அட்டையில் நம் தெருவுக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இருக்கிற இடத்தில் மனு கொடுக்க வேண்டும். அறிவிப்பு தானாக நடந்து தெருவுக்கு வராது.

தனித்தொகுதி, கொறடா

அடுத்து ஒரு குழப்பமான சொல். உத்திரமேரூர் சட்டமன்றத் தொகுதி பொதுத் தொகுதி. அது அடங்கியிருக்கும் காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. 'தனித்தொகுதி' என்று கேட்டதும் தனியாக நாம் வாக்களித்து நம் ஆளை அனுப்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேட்பாளர் மட்டும்தான் பட்டியல் சாதியினர், வாக்காளர் எல்லோரும். நாம் மட்டும் வாக்களித்து நம்மவரைத் தேர்ந்தெடுப்பது தனி வாக்காளர் தொகுதி. அதை 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமரின் வகுப்புவாரித் தீர்ப்பு கொடுத்தது. செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் அது போய்விட்டது. பதிலுக்கு மாகாண அவைகளில் 71 என்றிருந்த இடங்கள் 148 ஆயின. தாத்தாவும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள். இடம் கூடியது, தேர்ந்தெடுக்கும் கை மாறியது. இன்று 'தனித்தொகுதி' என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுவதால், எதை இழந்தோம் என்பதே புதிய தலைமுறைக்குத் தெரியாமல் போகிறது.

அப்படித் தேர்வாகிப் போனவர் அவையில் என்ன செய்யலாம் என்பதை நிர்ணயிக்கும் சொல் 'கொறடா'. கொறடா என்றால் சாட்டை. கட்சி சொன்னபடி வாக்களிக்கச் செய்பவருக்கு இந்தப் பெயர். 1985இல் வந்த பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். பண்ணையில் சாட்டை யார் கையில் இருந்தது, யார் முதுகில் விழுந்தது என்பது தஞ்சைப் பக்கத்துத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நம் உறுப்பினர் ஏன் பேசவில்லை என்று கோபப்படும் முன், அவர் கட்டுப்பட்டிருக்கும் இடமும் கட்டுப்படாத இடமும் எவை என்று பார்ப்போம்.

கொறடா வாக்கைக் கட்டுப்படுத்துகிறது. கேள்வி கேட்பதைச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்தில் பதில் வரும். அதில் நமக்குத் தேவையான புள்ளிவிவரம் இருக்கும். கவன ஈர்ப்புத் தீர்மானம், நேரமில்லா நேரம் என்ற வாய்ப்புகளும் உண்டு. நாம் உறுப்பினரிடம் மாலையும் சால்வையும் கொண்டுபோகிறோம். அடுத்த முறை எழுதப்பட்ட கேள்வி ஒன்றையும் கொண்டுபோவோம். கேட்டாரா இல்லையா என்பது அவைக்குறிப்பில் தெரிந்துவிடும்.

பணத்தின் மூன்று பத்திகள்

வரவு செலவுத் திட்டம் தாக்கலானதும் 'ஆதிதிராவிடர் நலனுக்கு இத்தனை கோடி' என்று செய்தி வரும். அந்தத் தொகை வரவு செலவுத் திட்ட மதிப்பீடு. ஆண்டின் நடுவே அது கூடியோ குறைந்தோ திருத்த மதிப்பீடு ஆகும். உண்மையில் செலவானது கணக்கு என்ற பத்தியில், காலம் கடந்து வரும். மேடையில் பேசப்படுவது முதல் பத்தி. நம் பிள்ளைக்கு விடுதியில் சோறும் கல்வி உதவித்தொகையும் கிடைப்பது மூன்றாவது பத்தியில். மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகும். அதற்கு முன்பே துறை திருப்பிக் கொடுத்தால் அது ஒப்படைப்பு. 'நிதி ஒப்படைக்கப்பட்டது' என்பது பணிவான சொல். பொருள், நம் பணம் நமக்கு வராமல் திரும்பிப் போனது.

பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் திட்டப் பணத்தை ஒதுக்க வேண்டும் என்பது 1979 முதல் பேசப்படும் கொள்கை. முதலில் சிறப்புக் கூறுத் திட்டம், பிறகு துணைத்திட்டம் என்று பெயர் மாறி வந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. நெடுநாள் போராட்டத்துக்குப் பின் 2024இல் தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இதுவரை கொள்கையாக இருந்தது, இப்போது சட்டமாக இருக்கிறது. மேலே சொன்ன படிகளில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று இதனால் தெரிகிறது. இனி விதியையும் செலவுப் பத்தியையும் பின்தொடர வேண்டும்.

நிபந்தனை என்ற சொல்

நிலத்துக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படை செய்யப்பட்டது. இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். நம் மாவட்டத்து அறிக்கையிலிருந்து மாகாணம் முழுவதற்கும் போன ஏற்பாடு இது. உத்திரமேரூர் என்றால் உலகத்துக்குக் குடவோலை தெரிகிறது. திரமென்ஹீர் அறிக்கை தெரிவதில்லை.

இந்த நிலத்தின் உயிர் 'நிபந்தனை' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. முதல் பத்தாண்டு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு மீட்டெடுக்கலாம். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் இருந்த இந்தக் குறிப்பு, 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு வந்த பதிவேடுகளில் பல இடங்களில் காணாமல் போனது என்பது நில மீட்பு இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. ஒரு சொல் பதிவேட்டின் குறிப்புப் பத்தியிலிருந்து விழுந்தால் ஒரு சேரியின் நிலம் விழுகிறது. ஆகவே இன்றைய சிட்டாவை மட்டும் பார்த்து 'அவர் பேரில்தானே இருக்கிறது' என்று திரும்பி வரக்கூடாது. பழைய பதிவேட்டின் நகலையும் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 30 நாளில் பதில் தர வேண்டும். ஆண்டுதோறும் வருவாய்த் தீர்வாயம், அதாவது ஜமாபந்தி நடக்கும்போது கிராமக் கணக்குகள் மேசைக்கு வருகின்றன. அன்று மனுவோடு அங்கே இருப்பது நல்லது.

1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நிபந்தனை என்ற சொல்லை நாம் மறந்துவிடக்கூடாது என்பதற்கு அவர்கள் பெயரே போதும்.

தலைவர், துணைத்தலைவர், கிராம சபை

73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 'தலைவர்' என்ற சொல் நம்மவருக்கும் கிடைத்தது. அந்தச் சொல்லுக்கு என்ன விலை கொடுத்தோம்? 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலில் 2006 வரை தேர்தலை ஒழுங்காக நடத்தவே விடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது.

வெட்டாமல், தரையில் உட்கார வைக்காமல், சட்டச் சொல்லாலேயே தலைவரை முடக்கும் வழியும் உண்டு. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் நம்மவருக்குப் போனால், துணைத்தலைவர் பெரும்பாலும் ஆதிக்க சாதியிலிருந்து வருகிறார். காசோலையில் இருவரும் இணைந்து கையெழுத்திட வேண்டும். அவர் பேனாவை எடுக்காவிட்டால் தெருவிளக்குக்குப் பல்பு வாங்க முடியாது. 'இணைக் கையெழுத்து' ஊழலைத் தடுக்க வந்த சொல். நம் ஊரில் அது தலைவரைத் தடுக்கும் சொல்லாகவும் வேலை செய்கிறது. யார் கையெழுத்து என்ற நம் இரண்டாவது கேள்வி இங்கேதான் உதவும். கையெழுத்துப் போடாத ஒவ்வொரு முறையும் தேதியோடு எழுத்தில் காரணம் கேட்டு, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்பி வைத்தால், அந்த மௌனம் பதிவாகிறது.

உத்திரமேரூர் நகரம் இன்று பேரூராட்சி. கிராம ஊராட்சிக்கு உள்ள கிராம சபை சட்டப்படி அதற்கு இல்லை. கல்வெட்டு இருக்கும் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குத்தான் கிராம சபை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். கால் வேலி நிலம் வேண்டாம், சொந்த மனை வேண்டாம், வேதம் வேண்டாம், ஆணாக இருக்க வேண்டாம். 921ஆம் ஆண்டுக் கல்லின் தகுதிப் பட்டியலுக்கு நேர் எதிரான சொல் இது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது.

அதில் 'குறைவெண்' பாருங்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற எண். மக்களவைக்குப் பத்தில் ஒரு பங்கு. கிராம சபைக்கு மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண் தலையை எண்ணுகிறது. எந்தத் தெருவின் தலை என்று பார்ப்பதில்லை. சேரியிலிருந்து ஒருவரும் வராமலே குறைவெண் நிறைந்துவிடலாம். வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனால், பிறகு எழுதப்படும் தீர்மானத்துக்கும் அந்தக் கையெழுத்து சாட்சி ஆகிவிடும். ஆகவே இரண்டு பழக்கம் வேண்டும். தீர்மானம் எழுதி வாசிக்கப்படும் வரை இருப்பது. தீர்மானப் புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்வது.

காவல் நிலையச் சொற்கள்

வழக்கு நேரத்தில் கேட்கும் சொற்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். நடப்பது என்ன? எதிர்த்தரப்பின் புகாரும் உடனே பதிவாகிறது. அது 'எதிர் வழக்கு'. சமாதானம் பேச ஆள் வருகிறது. சில மாதத்தில் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று ஒரு தாள் வருகிறது. பொருண்மைப் பிழை, அதாவது புகாரில் சொன்ன செய்தி தவறு என்று காவல்துறை முடிவு செய்து கோப்பை மூடுகிறது. படிக்காத தாய்க்கு அது வழக்கு முடிந்துவிட்டது என்ற செய்தி. உண்மையில் அதை நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாம். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குத் தண்டனை உண்டு என்று சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது 17ஆவது விதி. எந்த நாளுக்குள் என்ற மூன்றாவது கேள்வியை இங்கே கேட்போம். நம் மாவட்டத்தில் கடைசியாகக் கூடியது எப்போது? கூட்டக் குறிப்பு எங்கே?

'பட்டியல் சாதி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1950ஆம் ஆண்டு ஆணையில் அதற்குள் இந்துக்கள் மட்டும். சீக்கியர் 1956இல் உள்ளே வந்தனர், பௌத்தர் 1990இல் வந்தனர். தலித் கிறித்தவர் இன்றும் வெளியே. ஒரே சேரியில், ஒரே அவமானத்தில் இருக்கும் இரண்டு வீட்டில், ஒரு வீட்டுக்கு இந்தச் சட்டம் உண்டு, பக்கத்து வீட்டுக்கு இல்லை. உள்ளே யார் என்ற முதல் கேள்வி கல்வெட்டோடு முடிந்த கேள்வி இல்லை.

மூன்று முறை கேட்பது

1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையில் அண்ணல் அம்பேத்கர் இந்தியாவின் பழைய ஜனநாயகத்தைப் பற்றிப் பேசினார். அவர் சுட்டியது பௌத்த பிக்கு சங்கங்களை. இருக்கை ஒழுங்கு, முன்மொழிவு, தீர்மானம், குறைவெண், கொறடா, வாக்கு எண்ணிக்கை, கண்டனத் தீர்மானம் முதலிய நாடாளுமன்ற விதிகள் அத்தனையும் சங்கங்களுக்குத் தெரிந்திருந்தன என்றார். இன்று நாம் பேசிய சொற்களில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிறப்பால் தகுதி பார்க்காமல் சேர்த்துக்கொண்ட அவை அது. காஞ்சிபுரமும் பௌத்தம் தழைத்த நகரம்தான். நமக்கு முன்னோர் தேட வேண்டுமானால் அங்கேயும் தேடலாம்.

விநயத்தில் முன்மொழிவுக்கு 'ஞத்தி' என்று பெயர். பெரிய காரியமானால் ஞத்தியைச் சொல்லிவிட்டு மூன்று முறை கேட்பார்கள்: உடன்படுகிறவர் மௌனமாக இருக்கட்டும், உடன்படாதவர் பேசட்டும் என்று. மூன்றாவது முறையும் யாரும் பேசாவிட்டால் நிறைவேறியது. நம் நாடாளுமன்றத்திலும் மசோதாவுக்கு மூன்று வாசிப்பு உண்டு. மௌனம் சம்மதம் என்ற விதி அன்றும் இன்றும் மாறவில்லை. வேறுபாடு, பேசுவதற்கான உரிமை இன்று நம் கையிலும் இருக்கிறது.

ஆகவே இந்தக் கூட்டம் ஒரு வேலையோடு கலையட்டும். ஒவ்வொரு சேரியிலும் ஐந்து பேர் சேருங்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு மாணவர் இருக்கட்டும். உங்கள் ஊராட்சியின் கடந்த கிராம சபைத் தீர்மானங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்கள் நடுவே உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். புரியாத சொல் வந்தால் கோடு போட்டு, உள்ளே யார், கையெழுத்து யார், எந்த நாளுக்குள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளோடு போங்கள். தாத்தா தீர்மானம் எழுதிய மொழி அவருக்கும் பிறந்தபோதே தெரிந்த மொழி இல்லை. கற்றுக்கொண்டார். நாமும் கற்றுக்கொள்வோம்.